ஒச்சப்பன் சொன்ன ஆச்சு

முதலில் ஒச்சப்பன். எனக்குக் கெடுதல் செய்தவர்களை வரிசையாக நிறுத்தச் சொன்னால் முதல் ஆள் அவன்தான். அவனுக்குப் பின்னால் விறகுக்கடை பால்ராஜு நிற்பார். அப்புறம் என் கூடப்பிறந்த தம்பி. செத்துப்போன என் பெண்டாட்டிகூட ஒரு ஓரமாக நிற்பாள். ஆனால் முதல் ஆள் ஒச்சப்பன். அவன் எனக்கு ஒரு சொல் தர வேண்டியிருக்கிறது. பதினைந்து வருஷமாகிறது, இன்னும் தரவில்லை. பணமாக இருந்தால் போகட்டும் என்று எப்போதோ விட்டிருப்பேன். இது அப்படி விடக்கூடியது இல்லை.

சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். இன்னும். அந்தத் தென்னை மட்டைக்கு அந்தப் பக்கம். கோடாலியை நீட்டிப் பிடித்து நான் ஒரு சுற்று சுற்றினால் எவ்வளவு தூரம் வருமோ, அதைப்போல இரண்டு மடங்கு தள்ளி நிற்க வேண்டும். எனக்கு நேர் முன்னாலும் வேண்டாம், பின்னாலும் வேண்டாம். கோடாலித் தலை கழன்றால் இறக்கும்போது முன்னால் பறக்கும், ஓங்கும்போது பின்னால் பறக்கும். பக்கவாட்டில் நில்லுங்கள். வலது பக்கம் வாருங்கள், வலது பக்கம். அங்கே நின்றால் பேச வசதி.

காபியா? வேண்டாம் சார், இப்போதுதான் குடித்தேன். என்ன? காய்ப்பா? கை காய்த்துப் போயிருக்கிறது என்றா சொன்னீர்கள்? அது அப்படித்தான் இருக்கும். நாற்பது வருஷம் சார். நீங்கள் மெதுவாகப் பேசுகிறீர்கள். பேங்க்கில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள் எல்லோருமே இப்படித்தான் வாய்க்குள் பேசுவார்கள். தப்பாக நினைக்காதீர்கள்.

உங்கள் கோடாலியைக் கிணற்றடியில் பார்த்தேன். வாளித் தண்ணீரில் ஊறப்போட்டிருக்கிறீர்கள். யார் சொல்லிக் கொடுத்தது? இந்தப் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். காம்பு ஆடினால் தண்ணீரில் போடுவது. மரம் ஊறி உப்பிக் கெட்டியாகப் பிடிக்கும். காலையில் இரண்டு மணி நேரம் நன்றாக இருக்கும். வெயில் ஏறினதும் காயும், சுருங்கும். உப்பின மரம் சுருங்கினால் பழைய அளவில் நிற்காது, அதைவிட இளைத்துப்போகும். அப்புறம் அந்தத் தலை எந்த நேரத்தில் எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. தண்ணீரில் போடாதீர்கள். தலைப்பக்கம் காய்ந்த மரச்சக்கை ஒன்றை ஆப்பாக அடியுங்கள். அப்படியும் ஆடினால் காம்பை மாற்றிவிடுங்கள்.

ஒச்சப்பனும் ஊறப்போடுவான். எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். "போடா மாப்ள, உன் கோடாலியும் நீயும்" என்பேன். சிரிப்பான். அவனுக்குச் சிரிப்பு ஒன்று இருந்தது, மேல் உதடு பல்லுக்கு மேலே ஏறி மாட்டிக்கொள்ளும். அதை விடுங்கள்.

பெரிய முண்டு உடைப்பது ஒற்றை ஆள் வேலை இல்லை சார். ஜோடி வேண்டும். விழுந்து கிடக்கிறதே உங்கள் புளியமரம், அதன் அடிமுண்டைப் பாருங்கள். கட்டிப்பிடித்தால் கைக்கு எட்டாது. அதில் கோடாலி இறங்காது. இரும்பு ஆப்பு வைத்துச் சம்மட்டியால் அடித்துத்தான் திறக்க வேண்டும். ஒருத்தன் உட்கார்ந்து ஆப்பை வெடிப்பில் ஊன்றிப் பிடிப்பான். சின்னச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டி நிறுத்துவான். கையை எடுத்துவிட்டு "ஆச்சு" என்பான். அதற்கப்புறம்தான் எதிரே நிற்கிறவன் சம்மட்டியை இறக்குவான். கை எடுத்தாச்சு என்பதைத்தான் சுருக்கி ஆச்சு. அந்த ஒரு சொல் இல்லாமல் இரும்பு இறங்கக் கூடாது. முண்டுக்குப் பக்கத்தில் இருக்கும்போது அந்தச் சொல்லை வேறு எதற்கும் எடுக்கவும் கூடாது. தண்ணீர் குடித்தாச்சா என்று கேட்டால் "குடிச்சேன்" என்போம். வண்டி வந்தாச்சா என்றால் "வந்துருச்சு" என்போம். வீட்டில்கூட எனக்கு அது நாக்கில் வராது. சாப்பிட்டாச்சா என்று பெண்டாட்டி கேட்டால் "தின்னுட்டேன்" என்பேன். "மாடு மாதிரி பேசுறீக" என்பாள்.

இருபத்திரண்டு வருஷம் நானும் ஒச்சப்பனும் ஜோடி. அவன் பிடிப்பான், நான் அடிப்பேன். ஒரு நாளைக்கு முந்நூறு தடவை ஆச்சு சொல்லியிருப்பான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடிவயிற்றிலிருந்து மூச்சோடு வரும். ஆ என்று இழுக்க மாட்டான், ச்சு என்று அழுத்துவான். அது காதில் விழுந்ததும் என் தோள் தானாக எழும்பும். நான் எழுப்புவதே இல்லை. கரட்டுப்பட்டி தவசியும் ஒச்சப்பனும் உடைக்கிறார்கள் என்றால் கம்பத்திலிருந்து ஆண்டிபட்டி வரைக்கும் செங்கல் காளவாசல்காரர்கள் ஆள் அனுப்புவார்கள். என் தம்பிகூடக் கேலி செய்வான், "அண்ணே, நீ தாலி கட்டுனது மதினிக்கா ஒச்சப்பனுக்கா?" என்று.

நாலு வழிச் சாலை போட்ட வருஷம். ரோட்டோரப் புளியமரங்களை எல்லாம் சாய்த்தார்கள். அந்தச் சித்திரையிலிருந்து ஆடி வரைக்கும் பால்ராஜு கடை வாசலில் யானை யானையாக முண்டு கிடந்தது. எங்கள் வாழ்க்கையிலேயே அப்படி வேலை வந்ததில்லை. பச்சைப் புளி ஒரு விதத்தில் நல்லது சார், ஈரம் இருக்கும்போதே உடைத்துவிட வேண்டும். காயவிட்டால் இரும்பாகிவிடும். சவுக்கு அப்படி இல்லை, காய்ந்தால் தட்டினாலே விடும். மரத்துக்கு மரம் குணம் வேறு. அதனால் நேரம் பார்க்காமல் உடைத்தோம். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, அந்த நாலு மாதமும் எனக்கு ஒரு தலைவலிகூட வரவில்லை.

ஆடி மாதம் ஒரு நாள் காலையில், கடைக்குப் பின்னால் அடிபம்பில் கை கால் கழுவிக்கொண்டிருக்கிறோம். நான் அடிக்கிறேன், அவன் கழுவுகிறான். குனிந்தபடியே சொல்கிறான்:

"மச்சான், இந்தப் புளி முடிஞ்சதும் நான் திருப்பூர் போறேன். மக கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. பனியன் கம்பெனியில வாட்ச்மேன் வேலையாம். உக்காந்து பாக்குற வேலை."

"போ. எனக்கென்ன?" என்றேன்.

"கோவிச்சுக்காத மச்சான்."

"நான் ஏன்டா கோவிச்சுக்கிறேன்? நீ போனா ஊருல விறகு உடைக்க ஆளா இல்ல?"

அவ்வளவுதான் பேச்சு. அதற்கும் அன்றைக்கு நடந்ததற்கும் சம்பந்தமே இல்லை. நீங்கள் முழுசாகக் கேட்கிறீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன். என் பெண்டாட்டிதான் இரண்டையும் முடிச்சுப்போட்டாள்.

அன்றைக்குப் பதினோரு மணி இருக்கும். பெரிய முண்டு. மூன்று ஆப்பு இறங்கிவிட்டது, நாலாவது வைக்க வேண்டும். அவன் உட்கார்ந்து ஊன்றினான். நான் சம்மட்டியை ஓங்கி நிற்கிறேன். நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. காலையிலிருந்தே பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று சட்டமா? எங்கள் வேலையில் காதுதான் சட்டம். மேலே சம்மட்டியின் இரும்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு அது எனக்குக் கனக்கவே இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். "ஆச்சு" என்றான். இறக்கினேன்.

சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. இரும்பில் இரும்பு விழுகிற சத்தம் இல்லை அது.

வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும். நான்தான் துண்டைச் சுற்றினேன். நான்தான் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினேன். நான்தான் ஆட்டோவை மறித்து, தேனி பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு போனேன். இதை எல்லாம் யாரும் சொல்வதில்லை, பார்த்தீர்களா? அவன் வழி முழுக்க ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னான். "ஏன் மச்சான்? ஏன் மச்சான்?" நான் சொன்னேன், "நீ ஆச்சு சொன்னடா." "சொல்லலை மச்சான்." "சொன்னடா." "சொல்லலை."

அதையே ஊரிலும் சொன்னான். கட்டுப் போட்டு வந்த ஒன்பதாம் நாள் பால்ராஜு கடையில் உட்கார்ந்து, நாலு பேர் கேட்டதற்கு, "நான் ஆச்சு சொல்லலை, கை எடுக்கலை, அடிச்சிருச்சு" என்றான். அடிச்சிருச்சு. அடித்தான் என்று சொல்லவில்லை, சம்மட்டி தானாக அடித்த மாதிரி. அப்படி மரியாதை வைத்துத்தான் என் கழுத்தை அறுத்தான். சொல்லாமல் அடிக்கிறவன் என்று ஒரு பேர் வந்துவிட்டால் எவன் சார் எதிரில் உட்கார்ந்து ஆப்புப் பிடிப்பான்? பால்ராஜு இரண்டு ஆட்களைக் கூட்டிவந்து பார்த்தார். ஒருத்தன் ஆப்பை ஊன்றிவிட்டுப் பத்து அடி ஓடிப்போய் நின்று ஆச்சு என்கிறான். கடை முழுக்கச் சிரிப்பு. இன்னொருத்தன் வரவே இல்லை. என் தம்பியைக் கேட்டேன். "எனக்குப் பத்து விரலும் வேணும்ண்ணே" என்றான். கூடப்பிறந்தவன்.

நான் பால்ராஜு கடையில் எல்லோரையும் வைத்துக்கொண்டு கேட்டேன். "ஒச்சப்பா, உன் கை போனதுக்கு எனக்கும் வயிறு எரியுது. ஆனா நீ ஆச்சு சொன்ன. சொன்னேன்னு இங்க எல்லார் முன்னாடியும் ஒரு வார்த்தை சொல்லு. போதும்." அவன் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பால்ராஜு, "விடுப்பா தவசி, கை போனவன்கிட்ட என்னத்த வாங்கப் போற?" என்றார். வாங்க வேண்டியதைத்தானே சார் வாங்க முடியும்?

அவன் திருப்பூருக்குப் போகவில்லை. இரண்டு விரல் இல்லாதவனை அந்த வேலைக்கு எடுக்கவில்லையாம். ஊரிலேயே ஆடு வாங்கி மேய்த்துக்கொண்டு கிடக்கிறான். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு.

வீட்டுக்கு வந்தால் பெண்டாட்டி. சோற்றைப் போட்டுவிட்டு, சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "அந்த அண்ணன் சொன்னாரோ சொல்லலையோ. நீங்க பாக்காம அடிச்சீக." அதோடு விட்டாளா? ஒரு வருஷம் தினமும் மத்தியானம் ஒச்சப்பன் வீட்டுக்குக் குழம்பு போயிருக்கிறது. அவன் பெண்டாட்டி சிலம்பாயிக்கு இவள் ஒத்தாசையாம். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். சட்டியில் குழம்பு குறைந்தால் எனக்குத் தெரியாதா?

சரி, வேலையைப் பார்ப்போம். நீங்கள் தனியாக உடைக்கப்போகிறேன் என்கிறீர்கள். தனியாக உடைக்கிறவனுக்கு வேறு முறை. அதை நானாகத்தான் கண்டுபிடித்தேன், சொல்லித்தர யாரும் இல்லை.

முதலில் அடிக்கட்டை. முழங்காலுக்குக் கீழே நிற்கிற உயரத்தில் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். வெறும் தரையில் வைத்து உடைக்காதீர்கள், தவறின அடி கல்லில் பட்டுக் காலுக்கு வரும். கட்டை இருந்தால் தவறினாலும் அது வாங்கிக்கொள்ளும். கட்டையின் மேல் இந்தப் பழைய டயரைப் போட்டு அதற்குள்ளே விறகை நிறுத்துங்கள். ஜோடி இருந்தால் சாயாமல் இன்னொருத்தன் பார்த்துக்கொள்வான். இல்லாதவனுக்கு டயர்தான். கையால் பிடிக்காதீர்கள், காலால் மிதிக்காதீர்கள். உடைந்த துண்டும் எங்கேயும் தெறிக்காது, குனிந்து குனிந்து பொறுக்க வேண்டியதில்லை. லாரி டயர் வேண்டாம், கார் டயர் போதும்.

தலைக்கு மேலே பாருங்கள். துணிக் கொடி, மரக்கிளை எதுவும் கோடாலியில் மாட்டக் கூடாது. கழுத்தில் துண்டு வேண்டாம், தலையில் கட்டிக்கொள்ளுங்கள். வேட்டியை இறுக்கி மடித்துக் கட்டுங்கள். நீங்கள் பேண்ட் போடுகிறவர், அது நல்லதுதான். செருப்பு வேண்டாம், பழைய பூட்ஸ் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். கண்ணாடி போட்டிருக்கிறீர்கள், கழற்றாதீர்கள். ஒரு சிராய் போதும் கண்ணுக்கு.

விறகின் வெட்டுவாயைப் பாருங்கள். சக்கரத்து ஆரம் மாதிரி வெடிப்பு ஓடியிருக்கிறதல்லவா? மரமே எங்கே அடி என்று காட்டுகிறது. அந்தக் கோட்டின் மேல் அடியுங்கள். கணு இருக்கிற இடத்தில் மோதாதீர்கள், அதை ஒதுக்கிவிட்டுச் சுற்றி எடுங்கள். புளிக்கு நடுவில் அடிக்கவே கூடாது. நார் ஒன்றோடொன்று பின்னியிருக்கும், கோடாலியைக் கவ்விக்கொள்ளும். ஓரத்திலிருந்து சிம்பு சிம்பாக எடுத்துக்கொண்டே உள்ளே வாருங்கள். கவ்விக்கொண்டால் பக்கவாட்டில் ஆட்டாதீர்கள், காம்பு முறியும். காம்பின் நுனியை மேலிருந்து கையால் ஒரு தட்டுத் தட்டுங்கள், விடும். இன்னொரு கோடாலியால் அதன் முதுகில் மட்டும் அடிக்காதீர்கள், இரும்புத் துணுக்கு தெறிக்கும்.

காலை அகட்டி, ஒன்றுக்கொன்று நேராக வைத்துக்கொள்ளுங்கள். ஓங்கும்போது வலது கை தலைப்பக்கம் இருக்கட்டும். இறங்கும்போது அது வழுக்கி வந்து இடது கையோடு சேர வேண்டும். பலத்தைப் போடாதீர்கள், இரும்பின் கனமே போதும். அடி விழுகிற நேரத்தில் முழங்காலை மடக்கிக் கொஞ்சம் உட்காருங்கள். அப்போது கோடாலி கட்டைக்கு நேராக இறங்கும், உங்கள் பக்கம் வளைந்து வராது. கோபமாக இருக்கிற அன்றைக்கு உடைக்காதீர்கள். களைத்தால் நிறுத்திவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட இது முக்கியம். ஓங்குவதற்கு முன்னால் கண்ணால் பாருங்கள். கட்டையைப் பாருங்கள், சுற்றிலும் பாருங்கள். யார் என்ன சொன்னாலும் காதை நம்பாதீர்கள், கண்ணால் பாருங்கள். இது பழைய ஆட்கள் சொன்னதில்லை, பின்னால் நானாகச் சேர்த்துக்கொண்டது. ஏன் என்றால், எல்லோருமா ஒழுங்காகச் சொல்கிறார்கள்?

என்ன சார்? இல்லை, சொல்லுங்கள். ஒன்றும் சொல்லவில்லையா? உதடு அசைந்த மாதிரி இருந்தது.

பெண்டாட்டி போய் ஆறு வருஷமாகிறது. அன்றைக்கு ஒச்சப்பன் வந்தான். யாரையும் கேட்காமல் முன்னாலேயே சுடுகாட்டுக்குப் போய், வண்டியிலிருந்து விறகை இறக்கி, அந்த மூன்று விரல் கையால் ஒவ்வொன்றாக அடுக்கியிருக்கிறான். நான் போய்ப் பார்த்தேன். அடுக்குத் தெரிந்தவன் அடுக்கினது. தடித்தது கீழே, காற்றுப் போக வழி விட்டு. அதில் குறை சொல்ல மாட்டேன். எல்லாம் முடிந்து நான் நிற்கும்போது பக்கத்தில் வந்து நின்று என்னவோ சொன்னான். கொட்டுச் சத்தம், எனக்கு ஒன்றும் விழவில்லை. ஆறுதல் சொல்கிறான் என்று தலையை ஆட்டிவைத்தேன். ஊரே கூடியிருந்தது சார். பால்ராஜு இருந்தார், என் தம்பி இருந்தான். அந்த ஒரு சொல்லைச் சொல்வதற்கு அதைவிட நல்ல சபை கிடைக்குமா? சொல்லாமல் போய்விட்டான். விறகு அடுக்கினால் சரியாகிவிடுமா?

மகன் கோயம்புத்தூரில். காதுக்கு ஒரு மிஷின் வாங்கி அனுப்பினான். பெட்டியோடு அலமாரியில் இருக்கிறது. எனக்கு எதற்கு? விடியற்காலையில் பால்காரன் சைக்கிள் மணிகூடக் கேட்கிறது. வலது பக்கம் வந்தால் கேட்கிறது.

போன வருஷம்தான் விஷயமே உடைந்தது. ரேஷன் கடை வரிசையில் எனக்கு முன்னால் வேலுத்தாய் நின்றாள். பால்ராஜு கடைக்கு டீ கொண்டுவருகிறவள். தூக்குவாளியில் டீ, இன்னொரு கையில் டம்ளர். பேச்சோடு பேச்சாகச் சொல்கிறாள்:

"அண்ணே, அன்னைக்கு நான் வராம இருந்திருந்தா அந்தண்ணன் கை போயிருக்காதுண்ணே. அதை நெனச்சா இன்னிக்கும் எனக்குச் சோறு எறங்காது."

"நீ எப்ப வந்த?"

"அப்பதாண்ணே. உங்க பக்கத்துலதான வந்து நின்னேன், இந்தா, இடது கைப் பக்கம். 'ஒச்சப்பண்ணே, சாப்பிட்டாச்சா, டீ ஊத்தவா'ன்னு கேட்டேன். அவரு என்னையப் பாத்து 'ஆச்சு தாயி'ன்னாரு. நீங்க அடிச்சுட்டீக."

வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டேன் சார். பதினாலு வருஷம்! "ஏன்டி இதை அன்னைக்கே சொல்லலை?" என்றேன். "உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன். எம்புட்டுச் சத்தமாக் கேட்டேன்" என்கிறாள். நான் அரிசிகூட வாங்கவில்லை. அவளையும் கூட்டிக்கொண்டு நேராக அவன் வீட்டுக்குப் போனேன். பதினாலு வருஷத்தில் முதல் தடவை அந்தத் தெருவுக்குள் கால் வைக்கிறேன். வாசலில் உட்கார்ந்து ஆட்டுக்கயிறு திரித்துக்கொண்டிருந்தான். மூன்று விரலால் எப்படித் திரிக்கிறான் என்று பார்த்துக்கொண்டே போனேன்.

"வா மச்சான். ஏ சிலம்பாயி, மச்சான் வந்திருக்கு பாரு. செம்புல தண்ணி கொண்டா."

"நான் உக்கார வரலை. ஒண்ணு கேட்டுட்டுப் போறேன். அன்னைக்கு வேலுத்தாயி உன்னையச் சாப்பிட்டாச்சான்னு கேட்டாளா?"

"கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

"இம்புட்டு வருஷங் கழிச்சு அதக் கேக்கவா இந்த வெயில்ல வந்த?"

"என்ன சொன்ன?"

"ஆச்சுன்னேன்."

"கேட்டியா வேலுத்தாயி! சிலம்பாயி, கேட்டுக்க! அவன் வாயாலயே சொல்லிட்டான்!"

"அவளுக்குச் சொன்னேன் மச்சான். உனக்குச் சொல்லலை."

"முண்டு முன்னால உக்காந்துக்கிட்டு அந்தச் சொல்ல எடுக்கலாமாடா? காதுக்கு என்ன தெரியும், இது அவளுக்கு, இது எனக்குன்னு?"

அவன் கயிற்றைக் கீழே வைத்தான். "எடுத்தது தப்புத்தான். ஆனா உன் காதுக்குத் தெரியும் மச்சான். இருபத்திரண்டு வருசம் உனக்குச் சொன்ன ஆச்சும், டீக்காரப் பிள்ளைக்குச் சொன்ன ஆச்சும் உனக்கு ஒண்ணாவா இருந்துச்சு?"

இது என்ன பேச்சு சார்? சொல் ஒன்றுதானே? எழுத்தும் ஒன்றுதானே? நீங்கள் படித்தவர், சொல்லுங்கள். நான் இதைத்தான் கேட்டேன். அதற்கு அவன் தலையைக் குனிந்துகொண்டு, கயிற்றைப் பார்த்துக்கொண்டு, நீளமாக என்னவோ சொன்னான். ஆடு வேறு கத்துகிறது. எனக்குச் சரியாக விழவில்லை. சிலம்பாயி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். வேலுத்தாய் அழுகிறாள். வெளியே வந்து, "என்னடி சொன்னான்?" என்று கேட்டேன். "இதுக்கு மேல ஒரு மனுசன் என்னத்தண்ணே சொல்லுவான்?" என்றாள். "என்ன சொன்னான்னு சொல்லு." "அதை நான் சொன்னா நல்லாவாண்ணே இருக்கும்? நீங்க போயி உக்காந்து கேளுங்க" என்று போய்விட்டாள். நான் ஏன் போகிறேன்? என்னத்தையாவது சமாதானம் சொல்லியிருப்பான். எனக்கு வேண்டியது சமாதானம் இல்லை. பால்ராஜு கடையில் சொல்ல வேண்டும். அதுதான் பாக்கி.

பால்ராஜு கடையை மூடிப் பல வருஷமாகிறது என்கிறீர்களா? தெரியும். அங்கே இப்போது செல்போன் கடை. பால்ராஜும் மகளோடு மதுரைக்குப் போய்விட்டார். அன்றைக்கு அங்கே இருந்த நாலு பேரில் இரண்டு பேர் இல்லை. அதனால் நான் அதைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டேன். டீக்கடையில் சொன்னால் போதும் என்று ஆள் விட்டேன். அப்புறம், என் தம்பி ஒருத்தன் முன்னால் போதும் என்று சொல்லி அனுப்பினேன். "மச்சானை வீட்டுக்கு வரச் சொல்லுங்க" என்று பதில் வருகிறது. யார் யார் வீட்டுக்குப் போவது? கடன்பட்டவன்தானே வரவேண்டும்?

மணி பன்னிரண்டு ஆகிவிட்டதா? சார், அந்த வாய்க்கால் கரையில் ஆடு வருகிறதா பாருங்கள். வருகிறதா? மணிச் சத்தம் கேட்கிறதா உங்களுக்கு? எனக்கும் கேட்கிறது. தினமும் இந்நேரத்துக்கு உங்கள் வேலியை ஒட்டித்தான் ஓட்டிக்கொண்டு போவான். அதற்காக நான் இந்த வேலைக்கு வரவில்லை, நீங்கள் கூப்பிட்டீர்கள், வந்தேன்.

நீங்கள் வேலியோரம் போய் நின்று சும்மா பேச்சுக் கொடுங்கள். நான் சொன்னேன் என்று சொல்ல வேண்டாம். இல்லை, நான் சொன்னேன் என்றே சொல்லுங்கள். கடை வேண்டாம், தம்பி வேண்டாம், யாரும் வேண்டாம். இங்கே நான் மட்டும்தான் இருக்கிறேன். நீங்களும் வேண்டுமானால் கிணற்றடிக்குப் போய்விடுங்கள். அந்தப் பெரிய அடிமுண்டை நான் இன்னும் தொடவில்லை, அதற்கு எதிரில் வந்து உட்கார்ந்துகொண்டு சொல்லட்டும். உட்காருவதற்கு முன்னால் சொல்ல வேண்டும். சரி, உட்கார்ந்த பிறகும் சொல்லலாம்.

வந்தான் என்றால், வலது பக்கமாக வரச் சொல்லுங்கள் சார். கொஞ்சம் சத்தமாகச் சொல்லச் சொல்லுங்கள்.